பாறையே இல்லாத வடசென்னையில் நிலவியல் வகுப்பு நடத்த முடியுமா?

நீங்கள் கேட்டது இது: திருவொற்றியூர் பக்கம் ஒரு குப்பத்தில் இரவுப் பாடசாலை நடத்துகிறீர்கள், ஆறாவது முதல் பத்தாவது வரை பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களுக்கும் முடிந்தால் அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் நிலவியல், கனிமத் தேடல் பற்றிச் சொல்ல ஆசை, ஆனால் "இங்கே மணலும் சேறும் தவிர ஒன்றுமில்லை, எதைக் காட்டுவது" என்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். கனிமம் என்று வாயைத் திறந்தாலே "எந்தக் கம்பெனி அனுப்பிச்சது?" என்று பெரியவர்கள் கேட்கிறார்களாம். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. கல்லுக்கு எப்படியும் வழி பண்ணிவிடலாம், நம்பிக்கைக்குத்தான் மெனக்கெட வேண்டும். நான் படித்தது நிலவியல். வேலை பார்த்ததில் பெரும்பகுதி கனிமத் தேடல் முகாம்களில், துளைபோட்டு எடுத்த கல்லைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்துப் பார்த்து எழுதுகிற வேலை. குடியிருப்பது தண்டையார்பேட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுவதுண்டு, அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் கல். கடலோரத்தில் கொட்டியிருக்கும் பாறாங்கல் தடுப்பையும் தூண்டில் வளைவுகளையும் (கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் சுவர்கள்) தினமும் பார்த்துப் பார்த்து நமக்கு அவை கண்ணிலேயே படுவதில்லை. அந்தக் கல் எல்லாம் உள்நாட்டுக் குவாரிகளில் வெடிவைத்து எடுத்து லாரியில் வந்தவை. நான் பார்த்தவரை பெரும்பங்கு சார்னோக்கைட்டும் அதன் சொந்தக்காரப் பாறைகளும்தான், அதாவது அஸ்திவாரத்துக்கும் ஜல்லிக்கும் கருங்கல் என்று நாம் வாங்குகிற சமாசாரம். புதிதாக உடைந்த முகமுள்ள கல்லைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். வெயிலில் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தால் சில இடம் சட்டென்று பளிச்சிடும், அது ஃபெல்ஸ்பார். நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தெரிவது குவார்ட்ஸ். அங்கங்கே சிவப்புப் புள்ளி இருந்தால் கார்னெட்டாக இருக்கலாம். சில கல்லில் பாதிக் குழாய் வடிவத்தில் நேராக ஒரு பள்ளம் ஓடும், குவாரியில் வெடிமருந்து வைக்கத் துளைபோட்ட தடம் அது. பிள்ளைகளுக்கு இதைக் கண்டுபிடிப்பதில்தான் ஏகப்பட்ட குஷி. இதே வகைப் பாறைதான் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் மலையாக நிற்கிறது. தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-ல் இதற்குப் பெயர் வைத்தபோது, கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல்லும் இந்த வகைதான் என்பதால் அவர் பெயரையே வைத்துவிட்டார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் வருகிற ஒரு பாறைக்கு மூல மாதிரி நம்ம சென்னைப் பாறை. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு, உருவானது தரைக்குக் கீழே 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில். மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருடங்களில் அரித்துப் போனதால்தான் இன்று நாம் அதன்மேல் உட்கார்ந்து கடலைப் பார்க்க முடிகிறது.

அந்தக் கல் ஏன் அங்கே கொட்டப்பட்டது என்பது அடுத்த பாடம், அதை நீங்கள் எடுக்க வேண்டாம், குப்பத்துப் பெரியவர்கள் எடுக்கட்டும். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும், கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கித்தான் நகர்வு. 1875-ல் அடிக்கல் போட்டுக் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரை தேய்ந்தது. இதுவரை உறுதியாகச் சொல்லலாம். அரிப்பில் எவ்வளவு பங்கு துறைமுகத்துக்கு, எவ்வளவு பின்னால் வந்த தூண்டில் வளைவுகளுக்கும் மற்ற கட்டுமானங்களுக்கும், எவ்வளவு புயலுக்கும் ஆற்றில் மணல் வரத்து குறைந்ததற்கும் என்று கேட்டால் சுத்தமாகப் பிரித்துச் சொல்வது கடினம், வல்லுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். ஆனால் எந்தத் தெரு எங்கே இருந்தது, எந்தக் கோயில் எப்போது கடலுக்குள் போனது என்பது எழுபது வயதுத் தாத்தாவுக்குத் தெரியும். அவரைக் கரையில் நிறுத்திச் சொல்ல வையுங்கள், பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். கடலுக்கு அடியில் எங்கே பார் (பாறைத் திட்டு) இருக்கிறது, எங்கே சேறு, எங்கே வலை மாட்டும் என்று கடலோடிகள் வைத்திருக்கிற கணக்கு அவர்கள் மனதில் இருக்கிற ஒரு நிலவியல் வரைபடம்தான். அதைக் கேட்டு வாங்குகிற ஆளை யாரும் கம்பெனி ஆள் என்று நினைக்க மாட்டார்கள்.

கரைக்கு வந்தபிறகு கறுப்பு மணலை விட்டுவிடாதீர்கள். அலை ஏறி இறங்குகிற இடத்தில் கறுப்புக் கோடு கோடாகப் படிந்திருக்கும், நிறைய பேர் அதை எண்ணெய் அழுக்கு என்றோ சாம்பல் என்றோ நினைக்கிறார்கள் (நம்ம பக்கம் அப்படி நினைப்பதற்கும் காரணம் இருக்கிறது). கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், ஒட்டாமல் தனித்தனி மணியாக உதிர்ந்தால் அது கனமான கனிமங்கள். சாதாரண வெள்ளை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். இல்மனைட் (கறுப்பு, டைட்டானியத் தாது) 4.7, மேக்னடைட் (இதுவும் கறுப்பு, இரும்புத் தாது) 5.2, கார்னெட் ஏறக்குறைய 4. அலை வந்து திரும்பும்போது லேசானதை இழுத்துக்கொண்டு போகிறது, கனமானது தங்கிவிடுகிறது. ஒரு எவர்சில்வர் தட்டில் ஒரு பிடி மணலும் தண்ணீரும் விட்டு, வீட்டில் அரிசியில் கல் அரிக்கிற மாதிரி மெதுவாக ஆட்டி வடித்தால் கொஞ்ச நேரத்தில் கறுப்பு மட்டும் அடியில் நிற்கும். காய்ந்ததும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதன்மேல் கொண்டுபோனால் மேக்னடைட் துள்ளி ஒட்டும், இல்மனைட் சுலபத்தில் அசையாது. கனிமத் தேடலில் ஓடை மணலை அலசிப் பார்ப்பது இன்றைக்கும் நடக்கிற முதல் கட்ட வேலை, பிள்ளைகள் அதைக் கையாலேயே செய்துவிட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் அரசு நிறுவனம் எடுப்பது இந்த வகை மணல்தான், தென்மாவட்டக் கடற்கரைகளில் தனியார் தாதுமணல் எடுப்பதை மாநில அரசு 2013-ல் நிறுத்தியதும் இதே மணல் விவகாரத்தில்தான் என்று அங்கேயே சொல்லிவிடலாம். ஒரு பிடி மணல் போதும், மூட்டை கட்டி எடுத்து வர வேண்டாம். கழிவுநீர் கலக்கிற கரை என்பதால் வீடு திரும்பியதும் சோப்பு போட்டுக் கை கழுவ வையுங்கள்.

அடுத்தது போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. உங்கள் தெருவில் யாராவது புதிதாகப் போர் போட்டால் அன்றைக்கு வகுப்பு அங்கேதான். அஞ்சு அடிக்கு ஒரு தடவை வெளியே வருகிற மண்ணை ஒரு கைப்பிடி எடுத்துப் பாலித்தீன் கவரில் போட்டு ஆழத்தை எழுதி வரிசையாகக் கட்டி வையுங்கள். மணல், களிமண், கறுப்புக் களி, நடுவில் சிப்பி ஓடு என்று மாறி மாறி வரும். சிப்பி வந்தால் அந்த ஆழம் ஒரு காலத்தில் கடலோ கழியோ இருந்த இடம். முகாமில் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்த வேலைக்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசமே கிடையாது, எங்கள் துளை கடினப் பாறையில் போகும், முனையில் வைரம் பதித்த குழாய் சுற்றி இறங்கி ஏறக்குறைய 5 செ.மீ. தடிமனில் உருளை உருளையாகக் கல்லை வெட்டிக் கொண்டுவரும், அவ்வளவுதான். அந்த உருளையை நாங்கள் கோர் என்போம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பது வெளியே தெரிந்ததே 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததால்தான் என்று சொல்லிப் பாருங்கள், பிறகு தெருவில் எந்தப் போர் வண்டி வந்தாலும் உங்களுக்கு முன்னால் பிள்ளைகள் அங்கே நிற்பார்கள்.

போர் பற்றிப் பேச்சு வந்தால் தண்ணீர் வராமல் இருக்காது, பெரியவர்கள் உட்கார்ந்து கேட்பதும் இதைத்தான். டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளப்பது) மலிவாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு வீட்டுப் போரின் ஆழம், கடலிலிருந்து தூரம், மீட்டர் காட்டுகிற எண், இந்த மூன்றையும் எழுதித் தெருவின் படத்தில் குறித்தால் கடல்நீர் எப்படி உள்ளே வருகிறது என்பதைப் பிள்ளைகளே வரைந்துவிடுவார்கள். 1960-களிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் தண்ணீர் இறைத்தது, மீஞ்சூர் பக்கம் நல்ல தண்ணீர் மட்டம் இறங்கியது, அந்த இடத்தைக் கடல்நீர் பிடித்துக்கொண்டது, இதெல்லாம் ஐயத்துக்கு இடமில்லாமல் பதிவான விஷயம். அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை. ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மீட்டர் உப்பின் மொத்த அளவை மட்டுமே காட்டும், கிருமியோ ஈயமோ ஆர்சனிக்கோ அதற்குத் தெரியாது. எண் குறைவாக வந்ததால் "இந்தத் தண்ணி குடிக்கலாம்" என்று உங்கள் வாயால் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

எண்ணூர்க் கழிமுகத்துக்குக் கூட்டிப் போனால், அங்கே கடலில் சேருகிற கொசஸ்தலையாற்றின் மேல்பகுதியைப் பற்றிச் சொல்லாமல் திரும்பாதீர்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார், அதே வருடம் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறைய கிடைத்தன. அத்திரம்பாக்கத்தின் பழைய அடுக்குகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் (மணற்கல் இறுகி உருவான கடினப் பாறை) கூழாங்கல்லில் செய்தவை. எந்தக் கல் உடைத்தால் கூர்மையாக நிற்கும் என்று தேடி எடுத்திருக்கிறார்கள் பாருங்கள், கனிமத் தேடல் என்று நாம் இன்று சொல்வதை நம் ஆற்றங்கரையில் அப்போதே செய்திருக்கிறார்கள். எண்ணூரில் வேறு எதைப் பேசினாலும் சாம்பலும் எண்ணெயும் என்று முடிகிறது, நியாயமான கோபம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அந்த ஆற்றின் இந்தப் பெருமையும் சேர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

நிலக்கரியையும் மணலி ரிஃபைனரியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனல்மின் நிலையத்துக்குக் கப்பலில் வருகிற ஒடிசா நிலக்கரி 25 கோடி ஆண்டுக்கும் முன்பு சதுப்புக் காட்டில் வளர்ந்த செடிகொடி. ராயபுரத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும், 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவு வரும்வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் இறங்கி ஏறும், காயப்போட்ட துணியில் கறுப்பும் சிவப்புமாகத் தூசி படியும். கறுப்பு எது, சிவப்பு எது என்று கேட்டால் பாட்டிகளே சொல்வார்கள். "மணலிக்குக் கீழே எண்ணெய் இருக்கு, அதனாலதான் ரிஃபைனரி" என்று ஒரு பேச்சு தலைமுறையாக ஓடுகிறது, அது தவறு. கச்சா எண்ணெய் கப்பலில் வந்து குழாய் வழியாக மணலிக்குப் போகிறது.

சரி, இப்போது "எந்தக் கம்பெனி?" என்ற கேள்விக்கு வருவோம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவேண்டிய அறியாமையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், அது சரியான கேள்வி. இந்த ஊரில் ஆலை வந்தபோதும் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டை வந்தபோதும் முடிவு எடுத்து முடித்தபிறகு நடத்திய கூட்டங்களுக்குத்தான் விழிப்புணர்வு என்று பெயர் வைத்தார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள், நானும் அதையே பார்த்திருக்கிறேன். அதனால் முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்: நான் யார், எனக்கு யார் காசு கொடுக்கிறார்கள், எதற்காகச் செய்கிறேன். சுற்றுவட்டாரத்தில் திட்டம் வைத்திருக்கிற எந்த நிறுவனத்திடமும் நோட்டுப்புத்தகம்கூட வாங்காதீர்கள். சுரங்கம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ வகுப்பில் பிரச்சாரம் செய்யாதீர்கள், உங்களுக்குக் கருத்து இருக்கலாம், கேட்டால் "இது என் கருத்து" என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். சைக்கிளில் இருக்கிற இரும்பும் போனில் இருக்கிற செம்பும் ஏதோ ஒரு ஊரில் தோண்டி எடுத்ததுதான், அந்த ஊர்க்காரர்களுக்கும் இதே கேள்விகள் இருந்திருக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தேடல் வேறு, சுரங்கம் வேறு என்பதைப் பொறுமையாக விளக்குவதுதான் இதில் முக்கியம். பழைய வரைபடங்களையும் அறிக்கைகளையும் படிப்பதில் தொடங்கி, ஓடை மண், பாறை மாதிரி, காந்தப்புல அளவீடு, அப்புறம் சில துளைகள், பிறகு நெருக்கமாக இன்னும் நிறைய துளைகள் என்று போகும். இந்தியாவில் இதை ஜி4 என்ற ஆரம்ப கட்டத்திலிருந்து ஜி1 என்ற விரிவான கட்டம் வரை நான்காகப் பிரிக்கிறார்கள். வருடக்கணக்கில் ஆகும், பெரும்பாலான தேடல்கள் நடுவிலேயே கைவிடப்படும். துளைபோடுவதால் மட்டும் ஊர் அழியாது, ஆனால் துளைபோடுகிறவர்கள் சொல்லாமல் போட்டால் ஊர் எதையும் நம்பும். நான் இருந்த ஒரு முகாமில் ஊர்க்காரர்களோடு பேசவே கூடாது என்று உத்தரவு, நிலத்தைப் பிடுங்கப் போகிறார்கள் என்று வதந்தி நாளுக்கு நாள் வளர்ந்தது. கடைசியில் டீக்கடைப் பெரியவர் ஒருவர் நேராக வந்து "பொட்டியில என்ன வச்சிருக்கீங்க, காட்டுங்க" என்றார். மூத்த அதிகாரி ஒருவர் துணிந்து கோர் பெட்டிகளைத் திறந்து காட்டினார். பெரியவர் அரை மணி நேரம் ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்து, எந்தக் கிணற்றில் எந்த ஆழத்தில் இதே கல் வந்தது என்று எங்களுக்கே சொன்னார். அதற்கப்புறம் அந்த ஊரில் எங்களோடு சண்டை போட்டவர்கள்கூடக் கேள்வி கேட்டுத்தான் சண்டை போட்டார்கள், அது ஆரோக்கியமான சண்டை.

மதுரை டங்ஸ்டன் விவகாரத்தை உதாரணமாக எடுங்கள். 2024 நவம்பரில் டங்ஸ்டன் எடுப்பதற்கான நாயக்கர்பட்டி தொகுதியின் ஏல முடிவு வெளிவந்தபிறகுதான் அரிட்டாபட்டி பக்கம் ஊர் ஊராகப் பேச்சு கிளம்பியது. அரிட்டாபட்டியோ 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். டிசம்பரில் அதை எதிர்த்துத் தமிழகச் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, மக்களுக்கு முதல் செய்தி ஏலத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்தது என்பது பெரிய கோளாறு. சட்டப்படி தேடல் கட்டத்தில் ஊர்க்கூட்டம் கட்டாயமில்லை. சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கிற கட்டத்தில்தான் 2006 அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வரும், அதிலும் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்டவற்றுக்கும் 2025-ல் விலக்கு கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு ஒரு வரைபடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும் என்கிறேன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒரு லேப்டாப் இருந்தால் உங்கள் பாடசாலையிலேயே திறந்து காட்டலாம்.

வகுப்பில் எதைச் சொன்னாலும் இது கண்ணால் பார்த்தது, இது கணித்தது என்று பிரித்துச் சொல்லுகிற பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகளில் ஒரே அடுக்கு வந்தால் நடுவிலும் அதுதான் இருக்கும் என்று கோடு இழுக்கிறோம், அந்தக் கோடு ஊகம். அறிக்கையில் டன் கணக்கு எழுதும்போது இந்த ஊகமும் அதற்குள் இருக்கிறது. சாம்பல் தூசியால் பிள்ளைக்கு இருமல் வருகிறதா, மீனில் உலோகம் சேர்ந்திருக்கிறதா என்று உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். அது நிலவியலாளர் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை, எனக்கும் அந்தத் தகுதி கிடையாது. மருத்துவரையோ நீர் வேதியியல் தெரிந்தவரையோ ஒருநாள் கூட்டி வாருங்கள், நீங்களாக ஒரு பதிலை உருவாக்கிச் சொன்னால் மற்ற பாடத்தின் நம்பிக்கையும் சேர்ந்து போய்விடும்.

தொடங்கும்போது கறுப்பு மணலில் தொடங்குங்கள், செலவே இல்லை. காந்தத்தை ஒரு பாலித்தீன் கவருக்குள் போட்டுப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் ஒட்டின மணலைப் பிரித்தெடுக்கவே முடியாது. பாறாங்கல் தடுப்பில் பாசி வழுக்கும், அலை அதிகமான நாளில் ஏறவே கூடாது, சாம்பல் குட்டைப் பக்கம் பிள்ளைகளைக் கொண்டுபோகவே வேண்டாம். மின்சார ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவும் பல்லாவரம் மலையும் இருக்கின்றன, கற்கருவிகளுக்குப் பூண்டி அருங்காட்சியகம். கொஞ்சம் பணம் சேர்ந்தால் திண்டிவனம் தாண்டித் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு வேன் பிடித்துப் போய்வாருங்கள், முழு நாள் ஆகும். அங்கே கிடக்கிற கல்மரத் துண்டு எதையும் எடுத்து வரக்கூடாது என்பதை வண்டி கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.